கல்லைத் தாண்டுவதா, கல்மேல் ஏறுவதா?

கேள்வி: ஐந்து கதவு மாருதி ஜிம்னி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு மாதம் இரண்டு முறை போகிறேன். கடைசி நான்கு கிலோமீட்டர் மண்பாதை. டிராக்டர் தடம், இரண்டு ஓடை, முடிவில் ஒரு பாறை ஏற்றம். தடத்தில் அடி இடிக்கிறது. ஓடையிலும் ஏற்றத்திலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழல்கிறது. வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிடு, கிரவுண்ட் கிளியரன்ஸ்தான் எல்லாம் என்கிறார் ஒரு நண்பர். அது வீண் செலவு, ஆர்ட்டிகுலேஷனைக் கவனி என்கிறார் இன்னொருவர். எதை முதலில் செய்வது?

பதில்:

உங்கள் நண்பர்கள் இருவரும் ஒரே பாதையின் வெவ்வேறு இடங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். தடத்தில் இடிப்பது ஒரு நோய், ஏற்றத்தில் சக்கரம் சுழல்வது வேறொரு நோய். ஒரே மருந்தால் இரண்டையும் தீர்க்கப் பார்த்தால், ஒன்று குறைந்து மற்றொன்று கூடிவிடும். நான் அதைச் செய்து பார்த்துப் பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் வார்த்தைகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்து நிற்கும் ஒரு புள்ளிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. ஒரே ஒரு புள்ளி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிகுலேஷன் என்பது ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது மறுபக்கச் சக்கரம் எவ்வளவு தூரம் கீழே இறங்கித் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்ற அளவு. முன்னதைப் பெரும்பாலான விளம்பரத் தாள்களில் அச்சிடுகிறார்கள். பின்னதை ஏறக்குறைய யாரும் அச்சிடுவதில்லை. நம் ஊரில் எல்லோரும் முதல் எண்ணையே பேசிக்கொண்டிருப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜிம்னிக்கு 210 மி.மீ. 2020-இல் வந்த மகிந்திரா தாருக்கு 226 மி.மீ. 2024-இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 233 மி.மீ. ஜிம்னிக்கும் தாருக்கும் உள்ள வித்தியாசம் 16 மி.மீ., அதாவது ஒரு விரல் கனம். இந்த விரல் கனத்துக்காகத்தான் இவ்வளவு வாக்குவாதமும் நடக்கிறது. அந்த எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு உங்கள் வண்டியே சாட்சி. மூன்று கதவு ஜிம்னிக்கும் ஐந்து கதவு ஜிம்னிக்கும் கிளியரன்ஸ் ஒன்றுதான், 210. ஆனால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் தாண்டும் கோணம் மூன்று கதவுக்கு 28 டிகிரி, ஐந்து கதவுக்கு 24 டிகிரி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,250 மி.மீ.யிலிருந்து 2,590 மி.மீ.யாக நீண்டது மட்டுமே மாற்றம். ஆக உங்கள் வண்டி வயிற்றில் இடிக்கிறதா, ஆக்சிலில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டில் இடிக்கிறதா என்பதை நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கம்பியில் கீறல் இருந்தால் அது வயிறு. எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பகிரும் பல்சக்கரங்கள் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டையின் அடியில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தால் அது ஆக்சில். டிராக்டர் தடத்தில் இடிக்கிறது என்கிறீர்கள். நடுமேட்டில் உரசுவது பெரும்பாலும் டிஃபரன்ஷியலாகத்தான் இருக்கும்.

இங்கேதான் இரண்டு அங்குலம் தூக்கச் சொன்ன நண்பர் தவறுகிறார். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்சில். டிஃபரன்ஷியல் உருண்டை அந்த ஆக்சிலிலேயே இருக்கிறது. ஆக்சில் சக்கரங்களின் நடுவில் நிற்கிறது. நீளமான ஸ்பிரிங் போட்டால் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் சட்டமும் பாடியும் உயரும். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு அங்குலம் அல்ல, ஐந்து அங்குலம் தூக்கினாலும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் அதே 210 மி.மீ.தான். ஜிம்னியில் அதை உயர்த்த நடைமுறையில் ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் கிளியரன்ஸாகக் கிடைக்கும். உங்கள் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703 மி.மீ., கிளியரன்ஸில் கிடைப்பது 5 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ., கிடைப்பது 20 மி.மீ. அந்த 20 மி.மீ.க்காக டயர் எடை கூடும், சக்கரம் உரசாமலிருக்க வண்டியைத் தூக்கவும் வேண்டியிருக்கும், வேகமானி கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைத்துக் காட்டும். 134 நியூட்டன் மீட்டர் மட்டுமே இழுவை தரும் எஞ்சினுக்கு மலை ஏற்றத்தில் அந்தச் சுமை தெரியத்தான் செய்யும்.

அப்படியானால் தூக்குவதால் ஒன்றுமே கிடைக்காதா? கிடைக்கும். 50 மி.மீ. தூக்கினால் வயிறு தாண்டும் கோணம் ஏறக்குறைய 4 டிகிரி கூடும். அதாவது வண்டியை நீட்டியதால் போன கோணம் திரும்பி வரும். முன் பம்பர் மேட்டில் முட்டுவதும் குறையும். வயிறு தட்டுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. உங்களுக்கு அந்த நோய்தானா என்பதுதான் கேள்வி.

இப்போது ஆர்ட்டிகுலேஷனுக்கு வருகிறேன். என் பதிலின் மையமே இதுதான்.

பாதையில் ஒரு கல் கிடக்கிறது. அதைக் கடக்க இரண்டே வழி. கல்லை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுத் தாண்டலாம், அல்லது ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி இறக்கலாம். நடுவில் விட்டால் கிளியரன்ஸ் எவ்வளவோ அவ்வளவுதான் அனுமதி. 230 மி.மீ. உயரக் கல் என்றால் உங்கள் டிஃபரன்ஷியல் அதில் மோதும். அதே கல்மேல் இடது சக்கரத்தை ஏற்றினால் என்ன ஆகும்? ஆக்சிலின் ஒரு முனை 230 மி.மீ. உயர்கிறது, மறுமுனை தரையில் இருக்கிறது, நடுப்பகுதி 115 மி.மீ. உயர்கிறது. டிஃபரன்ஷியல் இருக்கும் இடத்தில் இப்போது 300 மி.மீ.க்கு மேல் இடைவெளி. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த கிளியரன்ஸ் இது. ஆனால் இது நடக்க வேண்டுமானால், ஒரு முனை அவ்வளவு உயர்ந்தும் மற்ற மூன்று சக்கரங்களும் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். அதைத் தருவதுதான் ஆர்ட்டிகுலேஷன். அது நன்றாக இருக்கும் வண்டியை ஓட்டுகிறவர் கல்லைத் தேடிப் போய்ச் சக்கரத்தை வைப்பார். அது குறைந்த வண்டியை ஓட்டுகிறவர் கல்லுக்குப் பயந்து நடுவில் விடுவார், இடிப்பார், பிறகு கிளியரன்ஸ் போதவில்லை என்பார். நான் பார்த்தவரை, கிளியரன்ஸ் போதவில்லை என்று வந்தவர்களில் பலருக்கு உண்மையில் போதாதிருந்தது சக்கரத்தைக் கல்மேல் வைக்கும் துணிச்சல்தான். அந்தத் துணிச்சலை வண்டியின் சஸ்பென்ஷன்தான் கொடுக்க வேண்டும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போயிருக்கிறீர்களா? தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்தின் இடுக்கிப் பக்கத்திலிருந்துதான் ஏறுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,900 அடி. விடியலைக் காட்ட சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பல, முன்னும் பின்னும் கமான் பட்டை, அதாவது அடுக்கிய இரும்புத் தகடுகளாலான ஸ்பிரிங் வைத்த பழைய மகிந்திரா வண்டிகள். ஒரு திருப்பத்தில் இறங்கி நின்று ஒரு வண்டி ஏறுவதை அடியிலிருந்து பாருங்கள். ஓட்டுநர் கல்லைத் தவிர்க்கவே மாட்டார். முதல் கியரில், ஆக்சிலரேட்டரை ஏறக்குறைய தொடாமல், இடது முன் சக்கரத்தைக் கல்லின் தோளில் வைப்பார். டயரின் ஓரம் மடியும். அந்தப் பக்கத்துப் பட்டைக் கட்டு வளைவு நிமிர்ந்து தட்டையாகும். எதிர்ப்பக்கத்துப் பட்டை வில்லாக வளைந்து, முனையிலுள்ள தொங்கட்டான் கீழ்நோக்கி நீளும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கும். உள்ளே ஆறேழு பேர் இருப்பார்கள். அவர்களுடைய தலைகள் ஆடும், ஆனால் வண்டி சரிந்துவிடாது. அந்த எடைதான் பட்டையை வேலை செய்ய வைக்கிறது. அதே ஜீப் காலியாக இறங்கும்போது கட்டையாகத் துள்ளுவதையும் பார்க்கலாம். அந்த வண்டிகளின் கிளியரன்ஸ் இன்றைய தாரைவிடக் கூடுதல் அல்ல. நாள்தோறும் அந்தக் கல்பாதையில் போய்வருகின்றன.

சக்கரம் ஏன் சுழல்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்ப்போம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்றச் சொற்ப விசை போதும். அந்தச் சொற்ப விசைதான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். நான்கு சக்கர ஓட்டத்தில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இணைந்திருப்பதால் ஒரே ஒரு சக்கரம் தொங்கினால் வண்டி நிற்காது. முன் இடது, பின் வலது என்று எதிரெதிர் மூலைகள் இரண்டும் ஒரே நேரத்தில் எடை இழந்தால் நின்றுவிடும். குறுக்கே வெட்டிப்போகும் ஓடையைச் சாய்வாகக் கடக்கும்போது நடப்பது அதுதான். உங்கள் ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி விசையை எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பும் ஏற்பாடு இருக்கிறது. அது வேலை செய்ய ஓரிரு விநாடி ஆகும். சக்கரம் சுழன்றதும் பயந்து காலை எடுத்துவிடாமல், ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் மெல்லப் பிடித்திருங்கள். பிரேக் தட்டும் சத்தம் கேட்கும், வண்டி நகரும். இதை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால் சரி. செய்யவில்லை என்றால் உங்கள் ஏற்றத்தின் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடலாம்.

சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. தொடுவது வேறு, ஊன்றுவது வேறு. எளிமைக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை. ஸ்பிரிங் 2 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் மென்மை உடையது. அந்தச் சக்கரம் ஒரு பள்ளத்தில் 75 மி.மீ. இறங்கினால் அதன்மேல் இன்னும் 150 கிலோ இருக்கும். பாதி எடை, ஓரளவு பிடிப்பு. அதே இடத்தில் 3 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் கடினமான ஸ்பிரிங்கைப் போடுங்கள். 75 மி.மீ. இறங்கியதும் மிஞ்சுவது 75 கிலோ. 100 மி.மீ. இறங்கினால் ஒன்றுமே இல்லை. இரண்டு வண்டியிலும் சக்கரம் தரையைத் தொடுகிறது, படம் எடுத்தால் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று ஏறும், மற்றொன்று சுழலும். ஆர்ட்டிகுலேஷனை அளக்க, சரிவுப் பலகையில் ஒரு சக்கரத்தை ஏற்றி எடுக்கும் மதிப்பெண்ணிலும் இதே குறை உண்டு. 20 டிகிரிப் பலகையில் சக்கரம் தூக்கும்வரை ஏறிய தூரத்தை, வண்டியின் முன்பின் சக்கர இடைவெளியால் வகுத்து 1,000-ஆல் பெருக்குவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண்தான். ஆனால் கடைசிச் சக்கரம் எவ்வளவு எடையைத் தாங்கி நிற்கிறது என்பதை அது சொல்லாது.

இதை நான் எம்எம்540 என்ற பழைய மகிந்திரா ஜீப்பில் கற்றுக்கொண்டேன். சிறுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்வந்த வண்டி. பின்னால் சுமை ஏற்றினால் தாழ்கிறது, உயர்த்திக் கொடுங்கள் என்று ஒரு பட்டறையில் விட்டேன். பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். வண்டி கம்பீரமாக நின்றது. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம், பல வருடங்களாக ஒரு சிரமமும் இல்லாமல் கடந்துவந்த ஓடையில் இறங்கினேன். பின் வலது சக்கரம் கரையைவிட்டு எழும்பி நின்று, ஈர மண்ணை வாரி வீசிக்கொண்டு சுழன்றது. முன் இடது சக்கரம் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில். ஆக்சிலுக்கு அடியில் இருந்த இடைவெளி முன்பு எவ்வளவோ அவ்வளவே. வளைய வேண்டிய பட்டை வளையவில்லை, அவ்வளவுதான். கப்பிக் கல்லை அள்ளிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு ஏற ஒரு மணி நேரம் ஆனது. மறுவாரமே அந்தப் பட்டைகளைக் கழற்றினேன். மிச்சமிருந்த கட்டையும் பிரித்து, துரு சுரண்டி, கிரீஸ் தடவிப் பூட்டினேன். பட்டைகளுக்கு இடையே உராய்வு குறைந்ததிலேயே வண்டி மாறிப்போனது.

உங்களிடம் இருப்பது சுருள் ஸ்பிரிங். அதில் பட்டைக்குள் இருக்கும் உராய்வு கிடையாது. ஒரே துண்டு ஆக்சிலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சீசா பலகைபோல ஒரு முனை ஏறும்போது அதுவே மறுமுனையைக் கீழே தள்ளுகிறது. ஸ்பிரிங்குகள் சக்கரங்களைவிட உள்ளே தள்ளி இருப்பதால், ஸ்பிரிங் கொஞ்சம் அசைந்தாலே சக்கரம் அதிகமாக அசைகிறது. 2020 தாரின் முன்புறத்தில் சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகின்றன, டிஃபரன்ஷியல் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. தார்ச்சாலையில் அது சுகம். ஆனால் நான்கு பேரும் மூட்டையும் ஏறினால் வண்டியோடு சேர்ந்து முன் டிஃபரன்ஷியலும் தாழும். ஒரு சக்கரம் கல்மேல் ஏறும்போது நடுப்பகுதி அந்த அளவு உயராது. அதற்கு ஈடாகத்தான் பின் டிஃபரன்ஷியலில் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும், தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கை வைத்தார்கள், அது நன்றாகவே வேலை செய்கிறது. கூர்க்காவில் முன்னும் பின்னும் ஓட்டுநர் கையால் போடும் லாக் இருக்கிறது. லாக் போட்டால் தொங்கும் சக்கரத்தைப் பற்றிய கவலை குறைகிறது. ஆனால் வண்டி சாய்வது குறையாது. மூன்று காலில் நின்று ஏறும் வண்டி எந்த நேரமும் நான்காவது காலுக்குத் தொப்பென்று விழும். பள்ளத்தின் ஓரத்தில் அந்தத் தொப்பு ஆபத்தானது. என் மனம் லாக்கைவிட ஆர்ட்டிகுலேஷன் பக்கம் சாய்வதற்கு அதுவே காரணம்.

உலகத்தில் இந்த இரண்டையும் ஒருசேரச் சாதித்த வண்டி என்றால் ஜெர்மனியின் யூனிமாக்கைச் சொல்வேன். போருக்குப் பிந்தைய நாட்களில் விவசாயத்துக்காகப் பிறந்தது. ஆக்சிலைச் சக்கரத்தின் மையத்துக்கு மேலே வைத்து, சக்கரத்துக்குள் இன்னொரு ஜோடி பல்சக்கரம் மூலம் விசையைக் கீழே இறக்குகிறார்கள். அதனால் டயரைப் பெரிதாக்காமலே டிஃபரன்ஷியல் உயர்ந்து நிற்கிறது. நீளமாக இயங்கும் சுருள் ஸ்பிரிங், சட்டமே கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும் அமைப்பு. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வேறு பாதையில் போனது. அதற்கும் சக்கரத்தில் பல்சக்கரம் உண்டு, 16 அங்குல கிளியரன்ஸ். ஆனால் தனித்தனிச் சக்கரம், இயக்கம் குறைவு. அந்தக் குறையை, பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக விசையை அனுப்பும் டிஃபரன்ஷியலால் ஈடுகட்டினார்கள். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் மூன்றாவது வழி. பட்டை ஸ்பிரிங்கை விட்டுவிட்டு நீளமாக இயங்கும் மென்மையான சுருள் ஸ்பிரிங்கை ஒரே துண்டு ஆக்சிலோடு சேர்த்தது. உங்கள் ஜிம்னி அந்த மூன்றாவது பரம்பரை. அதன் பலம் ஆக்சில் வளைந்துகொடுப்பதில்தான் இருக்கிறது. அதைக் கெடுக்கும் எந்த வேலையையும் வண்டியில் செய்யாதீர்கள்.

கெடுக்கும் வேலைகளில் முதலிடம், ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் செருகித் தூக்குவது. மலிவு, அரை நாளில் முடிந்துவிடும். என்ன நடக்கிறது என்றால், ஷாக் அப்சர்பரின் நீளம் பழையதே. வண்டி 50 மி.மீ. உயர்ந்து நிற்கும்போது அந்த 50 மி.மீ.யும் சக்கரம் கீழே இறங்குவதற்காக இருந்த இடத்திலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கிறது. வண்டி உயர்ந்தது, கால் நீளவில்லை. பள்ளம் வந்ததும் ஷாக் அப்சர்பர் முழுதாக இழுபட்டு நின்று சக்கரத்தைத் தூக்கிவிடும். ஏற்றத்தில் இப்போது சுழலும் சக்கரம் இன்னும் சீக்கிரம் சுழலும். உங்கள் நண்பர் சொன்ன இரண்டு அங்குலத்தை இந்த முறையில் செய்தால், இருக்கும் நோயை வளர்க்கச் செலவழித்ததாக ஆகும்.

ஒழுங்காகத் தூக்குவதென்றால் ஸ்பிரிங்கோடு நீளமான ஷாக் அப்சர்பர், நீளமான பிரேக் குழாய்கள், மேலே முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டையின் உயரம் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். முன் ஆக்சில் பின்னோக்கிச் சாயும் கோணம் தூக்கியதும் குறையும். குறைந்தால் ஸ்டியரிங் அலையும், சில வேகங்களில் நடுங்கத் தொடங்கும். அதைச் சரிசெய்யும் ரப்பர் புஷ் அல்லது ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம் வேண்டும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பனார்ட் கம்பி, வண்டி உயர்ந்ததும் ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். நீளத்தைச் சரிசெய்துகொள்ளக்கூடிய கம்பி தேவை. புவியீர்ப்பு மையம் உயர்வதையும் கணக்கில் கொள்ளுங்கள். சக்கரங்களின் அகலம் 1,400 மி.மீ., மையத்தின் உயரம் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அசையாத வண்டி பக்கவாட்டில் 45 டிகிரி வரை தாங்கும். மையம் 50 மி.மீ. உயர்ந்தால் 43. இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். மேலே கேரியரில் இரண்டு மூட்டை உரம் வைத்தால் அந்த இரண்டு நான்காகும். அரசாங்கச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்போது உங்கள் நான்கு கிலோமீட்டருக்கு வருகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் செலவு ஒரு காற்றழுத்தமானி, ஒரு சின்ன கம்ப்ரசர். தார்ச்சாலை முடியும் இடத்தில் நான்கு டயரையும் 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். டயர் கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கும். சின்ன மேடுபள்ளங்களை அதுவே விழுங்குவதால் சஸ்பென்ஷனுக்குப் பெரிய பள்ளங்களுக்கான இயக்கம் மிச்சமாகும். கிளியரன்ஸ் கொஞ்சம் குறையும்தான். கொடுப்பதைவிடப் பெறுவது மிக அதிகம். வேகத்தை 20 கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், திருப்பத்தில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள், திரும்பி வந்ததும் காற்றை ஏற்றிவிட்டே தார்ச்சாலையில் ஏறுங்கள். டயர் தேய்ந்து மாற்றும் நாள் வரும்போது 215/75 ஆர்15 அளவில், பக்கச்சுவர் தடித்த, மண்ணுக்கும் சாலைக்கும் பொதுவான டயர் போடுங்கள். 5 மி.மீ. உயரத்துக்காக இதைச் சொல்லவில்லை, கல்லில் வைக்கப் பயப்படாத பக்கச்சுவருக்காக.

அடுத்தது முன்புறத்து ஸ்டெபிலைசர் பார். சாலைத் திருப்பத்தில் வண்டி சாயாமலிருக்க இரண்டு பக்கச் சக்கரங்களையும் கட்டிப்போடும் கம்பி அது. ஓடையில் அதே கட்டு ஆர்ட்டிகுலேஷனைத் தடுக்கிறது. பாதை தொடங்கும் இடத்தில் கழற்றி, திரும்பும்போது மாட்டும்படியான இணைப்புகள் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஜீப் ராங்லர் ரூபிகானில் இதையே ஒரு பொத்தானில் செய்யும் வசதி வைத்திருக்கிறார்கள். பின்புறம் நன்றாக வளைந்து முன்புறம் கட்டையாக இருந்தால் பாடி முன் ஆக்சிலின் சாய்வையே பின்பற்றி ஆடும். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவு வளைந்தால்தான் உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார முடியும். கழற்றியதை மாட்ட மறந்து மலைப்பாதையில் வேகமாக இறங்குவது மட்டும் கூடவே கூடாது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாறை ஏற்றத்தில் இறங்கி நடந்து பாருங்கள். உங்கள் டிஃபரன்ஷியல் உருண்டை ஆக்சிலின் சரியான நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைப் படுத்துப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயரமான கல்மேல் அந்தப் பக்கத்துச் சக்கரத்தை ஏற்றினால் உருண்டை இன்னும் அதிகம் உயரும். ஓடையை இதுவரை சாய்வாக இறங்கியிருந்தால், ஒருமுறை நேராக இறங்கிப் பாருங்கள். இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து இறங்கும்போது எதிர்மூலைகள் எடை இழப்பதில்லை. முன் பம்பர் இடிக்கும் அளவுக்குக் கரை செங்குத்தாக இருந்தால் மட்டுமே சாய்வு தேவை.

டிராக்டர் தடம்தான் மிச்சம். அங்கே ஆர்ட்டிகுலேஷனால் பெரிதாக உதவ முடியாது. இரண்டு சக்கரமும் பள்ளத்தில், மேடு நடுவில், வேறு வழியே இல்லை. டிஃபரன்ஷியலின் உயரம் மட்டுமே பேசும் இடம் அது. ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டிலும் மறுபக்கச் சக்கரத்தை ஓரக்கரையிலும் வைத்து ஓட்ட இடமிருந்தால் செய்யுங்கள். மண் ஈரமாக இருந்தால் வழுக்கித் தடத்துக்குள்ளேயே விழுந்துவிடும். ஆனால் பாதை உங்கள் தோட்டத்துக்குப் போவது. மண்வெட்டியும் கடப்பாறையுமாக இரண்டு ஆட்கள் இரண்டு நாள் வேலை செய்தால், 235 டயர் தரும் 20 மி.மீ.யைவிட அதிகமாக அந்த நடுமேட்டைச் சீவிவிட முடியும். சீவிய மண்ணைத் தடத்தில் தள்ளிக் கப்பிக் கல் போட்டுத் திமிசு அடித்தால் ஒரு மழைக்காலமாவது நிற்கும். தோட்டத்து டிராக்டருக்கும் அது நல்லது.

வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட் வாங்குவதற்கு முன் இன்னொன்று செய்யுங்கள். ஒரு காப்பிக் குச்சியைச் சரியாக 21 சென்டிமீட்டருக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, அந்தக் குச்சியோடு நான்கு கிலோமீட்டரையும் நடங்கள். தடத்தின் பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு கயிறு பிடித்து, நடுமேடு குச்சியைவிட உயரமாக இருக்கும் இடங்களை எண்ணுங்கள். பிறகு ஓடையிலும் ஏற்றத்திலும் சக்கரம் தூக்கும் இடங்களை எண்ணுங்கள். முதல் எண்ணிக்கையில் மண்வெட்டிக்கு அடங்காத பாறை மேடுகள் எத்தனை என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். வண்டியைத் தூக்க வேண்டுமா, எவ்வளவு தூக்க வேண்டும், எந்த ஸ்பிரிங் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.